செக்ரோல் பைல்ல நாலு மொழி, நாலு என்கோடிங்: கிட் எதைப் பாத்துக்கும், நாம எதைப் பாத்துக்கணும்

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில ஒருதடவை சொல்லிப் பாக்குறேன், எங்கயாவது தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல உக்காந்து சுத்துவட்டார செம்பனைத் தோட்டங்களுக்கு செக்ரோல் (ஆளுங்க வருகை, கூலிப் பதிவு), பே ஸ்லிப் சாப்ட்வேர் பண்றீங்க, மூணு பேர், ஒருத்தர் விண்டோஸ், ஒருத்தர் மேக், நீங்க லினக்ஸ். பே ஸ்லிப்புல வர்ற வாசகம் மலாய், தமிழ், வங்காளம், நேப்பாளின்னு மொழிக்கு ஒரு பைலா இருக்கு, தோட்ட ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) எக்ஸல்ல இருந்து அனுப்புற பேர்ப்பட்டியல் இருக்கு, அதோட பழைய காலத்துல எழுத்துரு வச்சு அடிச்ச தமிழ் அறிவிப்புங்களும் கொஞ்சம் இருக்கு. எல்லாத்தையும் கிட்ல, அதாவது பைல் மாற்றங்களை வரிசையா சேமிச்சு வைக்கற வெர்ஷன் கண்ட்ரோல் ப்ரோக்ராம்ல, போட்டதும் ஒரு பைலுக்கு 'பைனரி, வித்தியாசம் இருக்கு'ன்னு மட்டும் சொல்லுது, இன்னொரு பைல்ல ஒரு எழுத்தைத் திருத்துனா முழு பைலும் சிவப்பு பச்சையா வருது, இன்னொன்னு வெறும் குப்பையா தெரியுது, போன மாசம் மெர்ஜ் பண்ணப்ப (ரெண்டு பேர் மாத்துனதை ஒன்னாச் சேத்தப்ப) ஒருத்தர் சேர்த்த பேருங்க காணாமப் போச்சு. 'கிட்டுக்குத் தமிழ் வராதா, வேற வெர்ஷன் கண்ட்ரோலுக்கு மாறிடலாமா'ன்னு முடிச்சிருக்கீங்க. ஆனா நீங்க எழுதுனதைப் படிச்சா உள்ள இருக்கற கேள்வி வேற: ரெப்போவுக்குள்ள (கிட்டோட சேமிப்புக்குள்ள) என்ன பைட் இருக்கணும், நம்ம போல்டர்ல என்ன பைட் இருக்கணும், ரெண்டும் ஒன்னா இருந்தே ஆகணுமா, வேற வேறயா இருந்தா எந்த இடத்துல யாரு மாத்துறது. இதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன். இந்தப் பக்கத்துல தோட்ட ஆபீஸ், கூட்டுறவு, தமிழ்ப்பள்ளின்னு பழைய பைலுங்களைச் சரி பண்ணிக் குடுக்குற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால நீளமா போகும், பொறுத்துக்குங்க. கமாண்ட் பேரெல்லாம் உச்சரிப்பைத்தான் தமிழ்ல எழுதுறேன், அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிச்சிக்குங்க.

உறுதியா சொல்லக்கூடியது இது. கிட்டுக்கு தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது, எந்த மொழியும் தெரியாது. நீங்க குடுக்கற பைலோட பைட்டை அப்படியே எடுத்து, அதுக்கு ஒரு ஹாஷ் (கைரேகை மாதிரி ஒரு நம்பர்) போட்டு, அடுக்கி வச்சிரும். பால் நிறுக்குற இடத்துல தராசுக்கு வாளியோட எடை மட்டும்தான் தெரியும், உள்ள பாலா தண்ணியான்னு பாக்குறது ஆள் வேலை, அது மாதிரிதான். எந்த எழுத்துக்கு எந்த பைட்டுங்கிற அட்டவணைதான் என்கோடிங், 'இந்த பைல் இந்த என்கோடிங்'னு கிட் எங்கயும் எழுதி வைக்காது, நீங்க சொன்னாத்தான் உண்டு. ஒரே வாக்கியத்தை ஒருத்தர் யூடிஎஃப்-8ல சேமிச்சு இன்னொருத்தர் யூடிஎஃப்-16ல சேமிச்சா, கண்ணுக்கு ரெண்டும் ஒன்னுதான், கிட்டுக்கு ரெண்டும் சம்பந்தமே இல்லாத பைல்.

இத்தனை நாளா பிரச்சனை தெரியாம இப்ப ஏன் தெரியுதுன்னு கேட்டிருந்தீங்க. காரணம் மலாய்தான். ரூமி எழுத்துல (இங்கிலீஷ் எழுத்துல) மலாய் எழுதுனா பெரும்பாலும் ஆஸ்கிங்கிற அடிப்படை இங்கிலீஷ் எழுத்துப் பட்டியலுக்குள்ளயே முடிஞ்சிரும், ஆஸ்கி எழுத்துங்க விண்டோஸோட பழைய என்கோடிங்கான விண்டோஸ்-1252லயும் யூடிஎஃப்-8லயும் பழைய தமிழ் என்கோடிங்ல பலதுலயும் ஒரே பைட்தான். அதனால யூடிஎஃப்-16 தவிர யார் எந்த செட்டிங்ல சேமிச்சாலும் ஒன்னாத்தான் வந்திருக்கும். தமிழ் வந்ததும், அப்புறம் பங்களாதேஷ், நேப்பாள ஆளுங்களுக்கு அவங்க மொழியில ஸ்லிப் குடுக்கணும்னு ஆரம்பிச்சதும்தான் அடியில இருந்த கோளாறு மேல வந்துருக்கு. அவங்க மொழியில ஸ்லிப் குடுக்கறது ரொம்ப நல்ல காரியம், என்கோடிங் தொல்லைக்காக அதை நிறுத்திடாதீங்க.

இப்ப ஒவ்வொரு அறிகுறியா பாப்போம். 'பைனரி'ன்னு காட்டுற பைல், நீங்க சொன்ன விவரத்தைப் பாத்தா, எனக்குத் தெரிஞ்சு யூடிஎஃப்-16ஆதான் இருக்கணும். கிட் ஒரு பைல் டெக்ஸ்டா பைனரியான்னு பாக்குறப்ப முதல் 8000 பைட்டுக்குள்ள சைபர் பைட் ஒன்னு இருக்கான்னு தேடும், இருந்தா பைனரின்னு முடிவு கட்டிரும். யூடிஎஃப்-16ல 'க'ங்கிற எழுத்து 149, 11னு ரெண்டு பைட், அதுல சைபர் இல்ல, ஆனா நடுவுல விடுற இடைவெளி 32, 0, வரி முடிவு 10, 0. ஒரு வரி முடிஞ்சாலே போதும், மாட்டிக்கும். இந்த மாதிரி பைல் எங்கிருந்து வருதுன்னா, எக்ஸல்ல 'யூனிகோட் டெக்ஸ்ட்'னு சேமிச்சா இதுதான் வரும், பழைய நோட்பேட்ல 'யூனிகோட்'னு பேர் போட்டு இருந்ததும் இதேதான், எல்லாத்துக்கும் மேல விண்டோஸோட வர்ற பவர்ஷெல் 5.1ல 'பெரிது' குறி போட்டு ஒரு கமாண்டோட அவுட்புட்டை பைலுக்குத் திருப்புனா அது சத்தமில்லாம யூடிஎஃப்-16ல எழுதும். உங்க விண்டோஸ் நண்பர் கிட்இக்னோர் பைலை (கிட் எதையெல்லாம் விட்டுடணும்னு சொல்ற பட்டியலை) அப்படி உண்டாக்கியிருந்தா அது வேலையே செய்யாது, அதையும் ஒருதடவை பாத்துருங்க. பவர்ஷெல் 7ல இந்தத் தொல்லை இல்ல, பிஓஎம் (பைல் தலையில வைக்கற அடையாள பைட்) இல்லாத யூடிஎஃப்-8தான் எழுதும்.

பேருங்க காணாமப் போனதும் இதோட சேர்ந்த விஷயம்தான்னு நினைக்கிறேன். பைனரின்னு முடிவான பைலை கிட் வரி வரியா மெர்ஜ் பண்ணாது, இந்தப் பக்கத்து பைலா அந்தப் பக்கத்து பைலா ஏதாவது ஒன்னை எடுத்துக்கோன்னு நம்மகிட்ட விட்டுரும், அவசரத்துல ஒன்னை எடுத்தா இன்னொருத்தர் செஞ்ச வேலை அப்படியே போயிரும். சம்பள விஷயம், ஒருத்தர் பேர் விட்டுப்போனா அந்த மாசம் அவருக்குக் கஷ்டம், அதனால மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல இதைச் செய்யுங்க. பேருங்களைச் சேர்த்தவர் அதை கமிட் பண்ணியிருந்தா (கிட்ல பதிவு பண்ணியிருந்தா) அந்த பழைய பைல் கிட்டுக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு. 'கிட் லாக் --ஆல் --ஃபுல்-ஹிஸ்டரி' போட்டு அந்த பைலோட பாதையைக் குடுத்தா அவர் கமிட் வந்துரும், 'கிட் ஷோ'ல கமிட் நம்பர், முக்காற்புள்ளி, பைல் பாதைன்னு குடுத்தா பைல் கைக்கு வந்துரும். ஆனா அதை பவர்ஷெல் 5.1ல பண்ணாதீங்க, வெளிய எடுக்கற பைலையே அது மாத்தி எழுதிரும். லினக்ஸ்லயோ கிட் பாஷ்லயோ எடுங்க. எடுத்ததும் ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கையால சேருங்க, அங்க மெஷினை நம்ப வேணாம்.

முழு பைலும் சிவப்பு பச்சையா வர்றதுக்கு ரெண்டு காரணம்தான் வழக்கமா இருக்கும், வரி முடிவு (விண்டோஸ்ல 13, 10னு ரெண்டு பைட், லினக்ஸ்ல 10 மட்டும்) மாறியிருக்கும், இல்ல என்கோடிங் மாறியிருக்கும். இதைப் பிரிச்சுப் பாக்க உங்ககிட்டயே சுலபமான வழி இருக்கு. மலாய் பைல்லயும் முழுசா வருதுன்னா அது கிட்டத்தட்ட நிச்சயமா வரி முடிவுதான், மேல சொன்ன மாதிரி மலாய்க்கு 1252, யூடிஎஃப்-8 எல்லாம் ஒரே பைட்தானே. 'கிட் டிஃப் --இக்னோர்-ஸ்பேஸ்-அட்-இஓஎல்'னு போட்டுப் பாருங்க, சிவப்பு பச்சை மறைஞ்சு உங்க ஒரு எழுத்து மட்டும் நின்னா சந்தேகமே வேணாம். தமிழ் பைல்ல மட்டும்தான் அப்படி வருதுன்னா என்கோடிங். முதல் வரி மட்டும் காரணமே இல்லாம மாறுன மாதிரி தெரிஞ்சா அது பிஓஎம், பைல் தலையில கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்கற 239, 187, 191ங்கிற மூணு பைட். எக்ஸல்ல 'சிஎஸ்வி யூடிஎஃப்-8'னு சேமிச்சா அதைப் போடும், விண்டோஸ் 10ல 2019க்கு அப்புறம் வந்த நோட்பேட் புது பைலுக்குத் தானா போடாது, அதனால ஒருத்தர் எக்ஸல்ல இருந்தும் இன்னொருத்தர் நோட்பேட்ல புது பைலாவும் மாறி மாறி சேமிச்சா அந்த மூணு பைட் வந்து வந்து போய்க்கிட்டே இருக்கும்.

குப்பையா தெரியுதுன்னு சொன்னீங்க, ஆனா குப்பையில பல ஜாதி இருக்கு, எந்தக் குப்பைன்னு பாத்தாலே பாதி நோய் தெரிஞ்சிரும். தலைக்கு மேல சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இது ரெண்டும் எழுத்துக்கு எழுத்து திரும்பத் திரும்ப வந்தா பயப்படாதீங்க, பைல் நல்ல யூடிஎஃப்-8, பாக்குற ப்ரோக்ராம்தான் அதை 1252ன்னு நினைச்சுப் படிக்குது. 'க' யூடிஎஃப்-8ல 224, 174, 149, அதுல முதல் ரெண்டு நம்பரும் 1252ல அந்த ரெண்டு குறிதான், தமிழ் எழுத்து எல்லாத்துக்கும் முதல் பைட் 224, ரெண்டாவது 174 இல்லன்னா 175. அதே குப்பை இன்னும் நீண்டு, தலையில நெளிகோடு போட்ட பெரிய ஏ, தொப்பி போட்ட பெரிய ஏன்னு வந்தா, யாரோ தப்பாப் படிச்சதை அப்படியே யூடிஎஃப்-8ன்னு மறுபடியும் சேமிச்சிருக்காங்க, பெரும்பாலும் மீட்டுரலாம், ஆனா நிதானமாப் பண்ணணும். காலிக் கட்டம் வந்தா எழுத்துரு இல்ல, பைலுக்கு ஒன்னும் ஆகல. கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி வந்தா அந்த இடத்துல இருக்கறது யூடிஎஃப்-8 இல்ல, டிஸ்க்ல இன்னும் பழைய பைட் நல்லாத்தான் இருக்கும், எடிட்டர்ல சேவ் மட்டும் அழுத்திடாதீங்க, அழுத்துனா அந்தக் கறுப்பு வைரமே பைலுக்குள்ள போயிரும். வெறும் கேள்விக்குறியா வரிசையா நின்னா அது போனது போனதுதான், 'ஆன்சி'ன்னு சேமிச்சதாலயோ எக்ஸல்ல சாதா சிஎஸ்வியா சேமிச்சதாலயோ தமிழ் எழுத்தெல்லாம் 63ங்கிற ஒரே பைட்டா மாறியிருக்கும், எந்த மந்திரம் போட்டாலும் திரும்ப வராது, பழைய கமிட்ல இருந்துதான் எடுக்கணும்.

அந்தப் பழைய அறிவிப்பு பைலுங்களைப் பத்திதான் எனக்கு இங்க இருந்து உறுதியா சொல்ல முடியாது, பைட்டைப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. நம்ம நாட்டுல பலபேர் முத்து நெடுமாறன் பண்ணுன முரசு அஞ்சல்ல அடிச்சாங்க, இணையத்துல டிஸ்கிங்கிற தமிழ் என்கோடிங் புழங்குச்சு, 1999ல சென்னையில நடந்த மாநாட்டுக்கு அப்புறம் டாம், டாப்னு ரெண்டு என்கோடிங் வந்துச்சு, பாமினிங்கிற எழுத்துருவும் ஒரு பக்கம் ஓடுச்சு. யூனிகோட்ல தமிழ் 1991லயே இருந்தாலும் வீட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புழக்கத்துக்கு வர ரொம்ப காலம் ஆச்சு, அந்த இடைவெளியில அடிச்ச பைலுங்கதான் இன்னிக்கும் தோட்ட ஆபீஸ் பீரோவுல கிடக்குது. பாமினி மாதிரி எழுத்துருவுல என்ன சிக்கல்னா அது என்கோடிங்கே இல்ல, இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் உருவத்தை ஒட்டி வச்சிருக்காங்க, அதுல 'அம்மா'ன்னு அடிச்ச பைலைத் திறந்து பாத்தா எம், கே, அரைப்புள்ளி, கே, எச்ன்னு இருக்கும். கிட்டைப் பொறுத்தவரை அது ஒழுங்கான ஆஸ்கி, எந்தச் சோதனையிலயும் மாட்டாது. டிஸ்கியில வேற மாதிரி, எழுத்தைக் கண்ணுக்குத் தெரியற வரிசையிலயே சேமிப்பாங்க, 'கொ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முதல்ல வரும், அப்புறம்தான் உயிர்க்குறி. அதனால மாத்துற ப்ரோக்ராம் நம்பரை மட்டும் மாத்துனா போதாது, வரிசையையும் மாத்தணும்.

இங்க உங்க பே ஸ்லிப்புக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு. பழைய எழுத்துருவுல ஔகாரக் குறிக்கு பலபேர் 'ள'வையே போட்டு அடிச்சிருப்பாங்க, அதனால சில கன்வெர்ட்டருங்க கொம்புக்கும் ளவுக்கும் நடுவுல ஒரு எழுத்து வந்தாலே அதை ஔகாரம்னு எடுத்துக்கும். 'வெள்ளி'ங்கிற சொல் 'வௌ்ளி'ன்னு ஆயிரும். திரையில பாத்தா பல எழுத்துருவுல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், தேடுனா கிடைக்காது, ரிங்கிட்டை நாம வெள்ளின்னுதானே சொல்றோம், உங்க ஸ்லிப்புல வரிக்கு வரி 'வெள்ளி' வரும். மாத்துனதுக்கு அப்புறம் ஔகாரக் குறிக்குப் பின்னால உடனே புள்ளி வர்ற இடம் எல்லாத்தையும் தேடுங்க, சரியான தமிழ்ல அப்படி வரவே வராது, வந்தா எல்லாமே இந்தக் கோளாறுதான். 'வெள்ளம்', 'பள்ளி', 'வெள்ளிக்கிழமை' மாதிரி நாலு சொல்லை வச்சு சோதிச்சுட்டு அப்புறம் முழு பைலையும் குடுங்க. மாத்துனதை பழைய அச்சுப் பிரதியோட வச்சு தமிழ் நல்லா வாசிக்கற ஒருத்தர் ஒருதடவை படிச்சுப் பாத்தே ஆகணும், அதுக்கு மாத்து வழி கிடையாது. டிஸ்கிதான்னு தெரிஞ்சா லினக்ஸ்ல இருக்கற ஐகான்வ்ங்கிற என்கோடிங் மாத்துற கமாண்ட் அதை யூடிஎஃப்-8க்கு மாத்தும், 'ஐகான்வ் -எல்' போட்டு பட்டியல்ல டிஸ்கி இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க, எல்லா மெஷின்லயும் இருக்காது. மூல பைலை அழிக்காதீங்க, தனி போல்டர்ல போட்டு பைனரின்னு குறிச்சு வச்சிருங்க, நாளைக்கு நல்ல கன்வெர்ட்டர் கிடைச்சா அதுல இருந்து மறுபடி எடுக்கலாம்.

சரி, முடிவா என்ன பண்றது. என் கருத்துல தயங்கவே வேண்டாம், ரெப்போவுக்குள்ள எல்லா டெக்ஸ்டும் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8, வரி முடிவு லினக்ஸ் முறை. நாலு எழுத்துமுறை ஒரே ரெப்போவுல இருக்கறப்ப வேற எந்த ஏற்பாடும் நிலைக்காது. வேற ப்ரோக்ராம் ஏதாவது 'எனக்கு யூடிஎஃப்-16தான் வேணும்'னு அடம் புடிச்சா, அந்த பைலுக்கு மட்டும், போல்டர்ல எடுத்து வைக்கறப்ப மாத்திக் குடுக்கச் சொல்லலாம். 2018ல வந்த கிட் 2.18ல இருந்து அதுக்கு ஒரு அட்ரிபியூட் (பைலுக்குப் போடுற அமைப்பு) இருக்கு, பேரு 'வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங்'. கிட்அட்ரிபியூட்ஸ் பைல்ல அந்த பைல் பேரு, 'டெக்ஸ்ட்', அப்புறம் இந்த அட்ரிபியூட்டுக்கு சமம் போட்டு என்கோடிங் பேரு, அவ்வளவுதான். உள்ள யூடிஎஃப்-8ஆ இருக்கும், டிஃப் வரும், மெர்ஜ் நடக்கும், வெளிய எடுத்தா யூடிஎஃப்-16ஆ வரும். விண்டோஸ் ப்ரோக்ராமுக்கு பிஓஎம்மோட வேணும்னா 'யூடிஎஃப்-16எல்இ-பிஓஎம்'னு முழுப்பேரா எழுதுங்க, வெறும் 'யூடிஎஃப்-16எல்இ'ன்னு எழுதிட்டு பைல் தலையில பிஓஎம் இருந்தா கிட் ஏத்துக்காம நிறுத்திரும், அது நல்லதுதான், எந்த பைல் ஒத்து வரலைன்னு அப்பவே தெரிஞ்சிரும். இன்னொரு எச்சரிக்கை, யூடிஎஃப்-16 பைலுக்கு இந்த அட்ரிபியூட் இல்லாம வெறும் 'டெக்ஸ்ட்'னு மட்டும் போட்டு விண்டோஸ் வரி முடிவு கேட்டா, கிட் 10க்கு முன்னாடி ஒரு 13ஐ மட்டும் ஒத்தையா செருகும், ரெண்டு ரெண்டா போற பைட் வரிசை அங்கேயே ஒன்னு தள்ளிப் போயிரும், அடுத்த வரியில மலாய் எழுத்தெல்லாம் சீன எழுத்தா தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு எல்லை உண்டு. ஜேகிட், லிப்கிட்2 மாதிரி வேற ஆளுங்க எழுதுன கிட்டை உள்ள வச்சிருக்கற ப்ரோக்ராமுங்களும், 2.18க்கு முந்தின கிட்டும் இந்த அட்ரிபியூட்டைக் கண்டுக்காது, அங்க எடுத்தா பைல் யூடிஎஃப்-8ஆவே வரும், அதுக்கு மேல யூடிஎஃப்-16ன்னு சேமிச்சு கமிட் பண்ணுனா மறுபடியும் குழப்பம். மூணு பேரும் என்ன ப்ரோக்ராம்ல கமிட் பண்றீங்கன்னு பேசி வச்சுக்குங்க. அப்புறம் 'என்கோடிங்'னு ஒரு அட்ரிபியூட் தனியா இருக்கு, பலபேர் அதைப் போட்டுட்டு மாறலையேன்னு கேப்பாங்க, அது கிட்கே, கிட் குய் மாதிரி திரைகள்ல எப்படிக் காட்டணும்னு சொல்றதுக்கு மட்டும்தான், ஒரு பைட்டையும் மாத்தாது. டிஸ்கி பைலுக்கு வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங் போடலாமான்னு கேப்பீங்க, போடாதீங்க. போய்த் திரும்பி வந்தா அதே பைட் கிடைக்கும்னு அங்க நம்ப முடியாது. பாக்க மட்டும் வேணும்னா 'டெக்ஸ்ட்கான்வ்'ல ஐகான்வைக் கட்டிவிடுங்க, டிஃப் படிக்கற மாதிரி வரும், பைல் மாறாது, ஆனா அந்த கான்பிக் ஒவ்வொருத்தர் மெஷின்லயும் தனியா போடணும், புஷ் பண்ணா போகாது.

மாத்துற வேலையை எந்த வரிசையில செய்யறதுன்னா, முதல்ல மூணு பேர் கையிலயும் பாதியில நிக்கற கிளையெல்லாம் மெர்ஜ் ஆகி முடியட்டும், இல்லன்னா அப்புறம் வரிக்கு வரி சண்டை வரும். ஒரு நாள் யாரும் தொடாதீங்க. அட்ரிபியூட்ஸ் பைலை எழுதுங்க, 1252, யூடிஎஃப்-16 பைலுங்களை ஐகான்வ் வச்சு மாத்துங்க, மாத்துனதைத் திருப்பி மாத்தி மூலத்தோட பைட்டுக்கு பைட் ஒத்துப் பாருங்க, அப்புறம் 'கிட் ஆட் --ரீநார்மலைஸ்' போட்டு ஒரே கமிட். அந்தக் கமிட்ல வேற ஒரு எழுத்து கூட திருத்தக் கூடாது, 'இருக்கறதோட இதையும் சரி பண்ணிருவோம்'னு ஆசை வரும், வேணாம். ஏன்னா அந்தக் கமிட்டோட நம்பரை ஒரு பைல்ல எழுதி 'கிட் பிளேம்'கிட்ட இதைக் கணக்குல எடுக்காதேன்னு சொல்லலாம், 2019ல வந்த 2.23ல இருந்து இது உண்டு, அப்பதான் அஞ்சு வருஷம் முன்னாடி கூலி வரியைத் திருத்துனது யாருன்னு இன்னும் தெரியும். அதுல திருத்தம் கலந்திருந்தா அந்தத் திருத்தமும் மறைஞ்சு போயிரும். வரலாறு முழுசையும் தோண்டி எல்லாக் கமிட்டையும் யூடிஎஃப்-8ஆ மாத்தி எழுதலாம்னு யாராவது சொன்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன், எல்லா நம்பரும் மாறி எல்லாரும் புதுசா குளோன் பண்ணணும், சம்பளக் கணக்கு ரெப்போவுல பழைய நம்பருக்கு மதிப்பு இருக்கு.

மேக் நண்பர் சொன்ன 'ஒரே பேர்ல ரெண்டு பைல்' விஷயம் வேற. யூனிகோட்ல 'கோ'வை ரெண்டு விதமா எழுதலாம், கவுக்கு அப்புறம் ஓகாரக் குறி ஒன்னே ஒன்னு, இல்லன்னா கவுக்கு அப்புறம் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியா. உங்க பைல் பேரே 'கோலா கங்சார்'னு ஆரம்பிக்குது, சரியா அதுல மாட்டியிருக்கு. பழைய மேக் டிஸ்க் முறை பேரைப் பிரிச்சு வைக்கும், லினக்ஸ் வந்ததை வந்தபடியே வைக்கும், கிட்டுக்கு ரெண்டும் வேற பேர். மேக்ல 'கோர்.ப்ரீகம்போஸ்யூனிகோட்' ட்ரூன்னு இருக்கான்னு பாருங்க, அது பைல் பேருக்கு மட்டும்தான், உள்ள இருக்கற வாசகத்துக்கு இல்ல, வாசகத்தை நீங்கதான் என்எஃப்சிக்கு (குறியைப் பிரிக்காம ஒன்னா எழுதுற யூனிகோட் முறைக்கு) மாத்தணும், இல்லன்னா ஒரே தோட்டத்துப் பேர் பட்டியல்ல ரெண்டா எண்ணப்படும். தமிழ்ப் பேர் வச்ச பைலை கிட் 340, 256ன்னு (அது 224, 174ஐயே எட்டு அடிமானத்துல எழுதுறது) நம்பரா காட்டுதுன்னா 'கோர்.கோட்பாத்'தை பால்ஸ் பண்ணுங்க, பேர் பேராவே வரும். பைலுக்குத் தமிழ்ல பேர் வைக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, நல்லா வைங்க.

வேற சிஸ்டத்துக்கு மாறலாமான்னா, இதுக்காக வேணாம். சப்வெர்ஷன் பைல் பேரையும் கமிட் குறிப்பையும் யூடிஎஃப்-8ல வைக்கும், பைல் உள்ள இருக்கறதை அதுவும் பைட்டாத்தான் பாக்குது, மெர்க்கூரியலும் அப்படித்தான். பெர்ஃபோர்ஸ்ல யூடிஎஃப்-16க்குன்னே ஒரு பைல் வகை உண்டு, ஆனா டிஸ்கியா பாமினியான்னு அதுக்கும் தெரியாது. எங்க போனாலும் இந்தத் துப்புரவு வேலை உங்க தலையிலதான்.

திரும்ப வராம இருக்க, எடிட்டர் கான்பிக்ல (எல்லா எடிட்டருக்கும் பொதுவான அமைப்பு பைல்ல) 'சார்செட்' யூடிஎஃப்-8ன்னு போடுங்க, விஎஸ் கோட்ல கீழ்ப் பட்டையில என்கோடிங் பேரை அமுக்குனா 'ரீஓப்பன்', 'சேவ்'னு ரெண்டு வரும், ரீஓப்பன்னா படிக்கற விதம் மட்டும் மாறும், சேவ்னா பைலே மாறும், இதை மூணு பேரும் தெரிஞ்சு வச்சுக்கணும். சர்வர் பக்கம் ஒரு சோதனை வைங்க, வர்ற ஒவ்வொரு டெக்ஸ்ட் பைலையும் ஐகான்வ்ல யூடிஎஃப்-8ல இருந்து யூடிஎஃப்-8க்கே மாத்தச் சொன்னா, தப்பான பைட் இருந்தா அது எரர் குடுக்கும், அந்த புஷ்ஷை ஏத்துக்காதீங்க. உங்க மெஷின்ல வைக்கற ஹூக் (கமிட், புஷ் நடக்கறப்ப தானா ஓடுற சோதனை) குளோன் பண்றவங்களுக்குப் போகாது, அதனால சர்வர்லதான் வைக்கணும். இதுல பேங்குக்கு அனுப்புற பைல் மாட்டலாம், பேருக்கு 40 பைட்டுன்னு அளவு இருந்தா, தமிழ்ல ஒரு குறிக்கு மூணு பைட், 13 குறி போக ஒரு பைட் மிச்சம், எழுத்து நடுவுல வெட்டுப்பட்டு நிக்கும். அது கிட் பண்ணுன தப்பு இல்ல, வெட்டுற ப்ரோக்ராமை எழுத்து எல்லையில வெட்டுற மாதிரி திருத்துங்க. கிராணிகிட்ட எக்ஸல்ல 'சிஎஸ்வி யூடிஎஃப்-8'னு சேமிக்கச் சொல்லிக் குடுங்க, வர்ற பிஓஎம்மை உங்க இம்போர்ட் ப்ரோக்ராம் எடுத்துட்டு ரெப்போவுல போடட்டும், அவரை வேற எதுவும் மாத்தச் சொல்லாதீங்க, அவருக்கு ஆயிரம் வேலை.

பழைய அறிவிப்புல ஒரு பைலை எடுத்து லினக்ஸ்ல 'ஓடி -ஏஎன் -டியு1 -என்64' (ஏவும் கடைசி என்னும் மட்டும் பெரிய எழுத்து) போட்டு முதல் 64 பைட்டை நம்பரா இங்க போடுங்க, அந்த இடத்துல அச்சுல என்ன வாசகம் இருக்குன்னும் எழுதுங்க, ரெண்டையும் வச்சுப் பாத்தா எந்த என்கோடிங்னு கண்டுபுடிச்சிரலாம். ஆனா ஆளுங்க பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், பாஸ்போர்ட் நம்பர் இருக்கற பைலைப் போடாதீங்க, கூட்டம், விடுமுறைன்னு பொது அறிவிப்பு ஏதாவது ஒன்னைப் போடுங்க.